ஈசியூவை மாற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்

அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்த நேரம். ராணிப்பேட்டையில் தோல் வியாபாரம் செய்யும் என் மாமா காலையிலேயே போன் செய்தார். அவரிடம் இருப்பது ஐந்து வருடமான ஒரு சொகுசு எஸ்யூவி. "மாப்ள, வண்டிய ஸ்டார்ட் பண்ணா ஸ்கிரீன்ல வரிசையா வார்னிங் வருது. ஏர் சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ், எல்லாத்துக்கும் ஃபால்ட்னு காட்டுது. வண்டி வேற கீழ உக்காந்துடுச்சு" என்றார். முந்தைய நாளே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். ஸ்கேனர் போட்டுப் பார்த்துவிட்டு, காற்றடைத்து வண்டியைத் தூக்கி நிறுத்தும் சஸ்பென்ஷன் கம்ப்ரஸரும் அதன் கண்ட்ரோல் யூனிட்டும் (ஈசியூ என்பது இதைத்தான்) போய்விட்டன என்று லட்சத்தைத் தாண்டி எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறவன். மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். ராத்திரி முழுக்க நின்றிருந்த வண்டியின் பேட்டரியில் 11.7 வோல்ட்தான் இருந்தது. முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6க்கு மேல் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. சார்ஜரை மாட்டி நிதானமாக முழு சார்ஜ் ஏற்றி, வண்டியில் பதிவாகியிருந்த ஃபால்ட் கோடுகளை (code) ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தோம். ஒரு ஃபால்ட்டும் திரும்பி வரவில்லை. கம்ப்ரஸர் இன்றும் அதே கம்ப்ரஸர்தான்.

இந்த வகை வண்டிகளில் நான் பார்க்கும் தவறுகளில் முதலாவது இதுதான்: ஸ்கேனர் காட்டும் கோடை, கெட்டுப்போன பாகத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்வது. ஒரு சொகுசு எஸ்யூவியில் பத்துக் கணக்கில் கண்ட்ரோல் யூனிட்டுகள் இருக்கின்றன. கேன் பஸ் என்கிற, முறுக்கிய இரண்டு ஒயர் வழியாக அவை ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. பலவீனமான பேட்டரியில் செல்ஃப் அடிக்கும்போது வோல்ட் 9க்கும் கீழே விழும். அந்த நொடியில் சில யூனிட்டுகள் அணைந்து மறுபடி விழிக்கும். மற்றவை "அவனிடமிருந்து பதில் இல்லை" என்று எழுதி வைத்துக்கொள்ளும். யு என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள் பெரும்பாலும் இந்தத் தொடர்பு அறுந்ததைத்தான் சொல்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டு ஃபால்ட் ஒரே காலையில் வந்தால், ஏழெட்டுப் பாகங்கள் ஒரே ராத்திரியில் கெட்டுப்போயிருக்காது. அவற்றுக்குப் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது பேட்டரியாக இருக்கும், இல்லையென்றால் எர்த் ஒயராக இருக்கும்.

கோடுகளை எழுதி வைக்காமல் அழித்துவிடுவதும் தப்பு. எந்த கிலோமீட்டரில், எத்தனை வோல்ட்டில் ஃபால்ட் பதிவானது என்பதைப் பல வண்டிகள் கோடோடு சேர்த்தே வைத்திருக்கும். அதைச் சேமித்த பிறகு அழியுங்கள், முழு சார்ஜ் ஏற்றி ஓட்டுங்கள், மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அப்போதும் திரும்பி வருகிற கோடுதான் கவனிக்க வேண்டிய கோடு.

சரி, மாமா வண்டியில் பேட்டரி ஏன் இறங்கியது? அங்கே இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன.

வண்டியோடு வந்தது ஏஜிஎம் பேட்டரி, அதாவது ஆசிட்டைக் கண்ணாடி இழை விரிப்பில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை. சிக்னலில் இன்ஜின் தானே அணைந்து தானே கிளம்பும் வசதி உள்ள வண்டிக்குச் சாதாரண பேட்டரி தாங்காது. போன வருடம் அதை எடுத்துவிட்டு, விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் போட்டிருக்கிறார்கள். போட்டதை வண்டிக்குச் சொல்லவும் இல்லை. பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற வண்டிகளில் புது பேட்டரி போட்டால் ஸ்கேனர் மூலம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், பழைய கிழ பேட்டரிதான் இன்னும் இருக்கிறது என்று நினைத்து வண்டி அதற்கேற்ற அளவில் சார்ஜ் செய்துகொண்டிருக்கும். நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மே மாதம் 40ஐத் தாண்டும் வேலூரில், பெங்களூரில் ஓடும் வண்டியின் பேட்டரி அளவுக்கு ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாவது, டேஷ்கேம். வண்டி நிற்கும்போதும் படம் பிடிக்கட்டும் என்று எப்போதும் கரண்ட் வரும் ஃபியூஸில் கோத்துவிட்டிருந்தார்கள். இதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பூட்டிய வண்டி முழுசாகத் தூங்கியபின் 50 மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 80 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அது பெரிய விஷயமில்லை. டேஷ்கேம் கூடுதலாக 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளுக்கு இன்னும் 7.2 போகும். காட்பாடி ஸ்டேஷனில் வண்டியை விட்டுவிட்டு ரயிலேறி, பத்து நாள் கழித்து வருகிறவருக்கு மிச்சம் எதுவும் இருக்காது. ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் செருகிய ஜிபிஎஸ் கருவியும் வண்டியைத் தூங்கவிடாமல் செய்யலாம். ரிமோட் சாவியை வண்டிக்குப் பக்கத்திலேயே மாட்டி வைப்பதும் அப்படித்தான்.

அப்புறம், நம் பக்கத்துப் பழைய பழக்கம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். அம்பாசடர் காலத்தில் அது செல்லுபடியாகியிருக்கலாம். இன்றைய வண்டியில் தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள். டைனமோ கொடுக்கும் கரண்டை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாதபோது வோல்ட் ஒரே எகிறாக எகிறும். உள்ளே தடுப்பு டயோடு இருந்தாலே 35 வோல்ட் பக்கம் போகும், இல்லையென்றால் 80ஐயும் தாண்டலாம். 12 வோல்ட்டுக்குச் செய்த யூனிட்டுகளில் எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மீட்டரை வைத்துப் பார்த்தாலே போதும். அதிலும் ஒன்று: இந்த வண்டிகளில் டைனமோவைக் கம்ப்யூட்டர் நடத்துகிறது. சீராக ஓடும்போது 12.5க்கு இறங்கி, பிரேக் பிடிக்கையில் 14.8க்கு ஏறும். இறங்கிய நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டு நல்ல டைனமோவை மாற்றியவர்கள் உண்டு.

ஜம்பர் கேபிள் போடுவதிலும் கவனம் வேண்டும். பல எஸ்யூவிகளில் பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். பானெட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட ஒரு பாசிட்டிவ் முனையும், பாடியோடு சேர்ந்த எர்த் முனையும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். கறுப்பு கேபிளைக் கடைசியாக அந்த எர்த் முனையில் மாட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவிலேயே நேராக மாட்டினால், அங்கே உள்ள சென்சாரைத் தாண்டி கரண்ட் போய்விடும், வண்டியின் சார்ஜ் கணக்கும் தப்பும். ஸ்டார்ட் ஆனதும் ஊருக்குள் இருக்கும் கிரீன் சர்க்கிள் வரை ஒரு ரவுண்டு போய் வந்தால் பேட்டரி நிரம்பிவிடாது. ஏஜிஎம் வசதியுள்ள சார்ஜரில் ஒரு ராத்திரி விடுங்கள்.

வெளியில் விளக்கு, ஹாரன் மாட்டுகிறவர்கள் ஒயரைச் சீவி இன்னொரு ஒயரைச் சுற்றுவதையும், போன ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் போடுவதையும் அனுமதிக்காதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றாவிட்டால் ஒயர்தான் எரியும்.

வெயில் முடிந்து மழை வந்தால் வேறு கதை. சன்ரூஃபைச் சுற்றி விழும் தண்ணீர், மூலைகளில் உள்ள குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் இறங்க வேண்டும். சித்திரையில் மரத்தடியில் நின்ற வண்டியில் வேப்பம்பூவும் புளிய இலையும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்திருக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் உள்பக்கமாக இறங்கி, கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டுக்கு அடியில் தேங்கும். சில வண்டிகளில் கனெக்டர்களும் யூனிட்டுகளும் அங்கேதான் இருக்கின்றன. மழைக்கு முன்னால் சன்ரூஃபைத் திறந்து, ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீர் மெதுவாக ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாவிட்டால் கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிடும். மெல்லிய நைலான் இழையை உள்ளே விட்டு மெல்ல எடுத்தால் போதும். பெருமழைக்கு மறுநாள் கார்ப்பெட்டை ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வண்டியை ஓட்டாமல் முதலில் அதைக் காய வையுங்கள்.