தீ வைக்காமல் தென்னந்தோப்பைச் சுத்தம் செய்வது எப்படி?

பினாங்கில் பாலிக் புலாவ் பக்கம் தென்னை வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "மட்டையைக் குவித்துக் கொளுத்தினால் என்ன?" ஃபுளோரிடாவின் பனைக் காடுகளில் திட்டமிட்டே தரைத்தீ விடுகிறார்கள், உண்மைதான். பனை இனத்தில் சாறு ஓடும் குழாய்கள் தண்டு முழுக்கப் பரவியிருப்பதால், குருத்து கருகாதவரை மரம் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது காற்றும் ஈரப்பதமும் பார்த்து, பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு செய்யும் வேலை. இங்கே மலேசியாவில் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. பழுப்பேறித் தொங்கும் மட்டையை மட்டும் இறக்குங்கள். பச்சை மட்டையை வெட்டினால் காய்ப்பு குறையும், வெட்டுவாய் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வரும். இதற்குக் கம்பில் கட்டிய அரிவாளே போதும், செயின்சா வேண்டாம்.

2. மட்டைகளைத் துண்டாக்கி, வரிசைகளுக்கு நடுவே பரப்புங்கள். மண்ணில் ஈரம் நிற்கும், புல்லும் அடங்கும்.

3. விழுந்த மரம். இதைத்தான் நிறையப் பேர் அப்படியே போட்டுவிடுகிறார்கள். காண்டாமிருக வண்டு உயிருள்ள மரத்தின் குருத்தைக் குடையும், முட்டையிடுவதோ மக்கும் தண்டில். விரிந்த ஓலை கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருந்தால் வண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். பாராங் கத்தியை எடுத்து, கிடக்கும் தண்டைப் பிளந்து பாருங்கள். ஈரத் தூளுக்குள் விரல் தடிமனில், செம்பழுப்புத் தலையோடு வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கும். எல்லாவற்றையும் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அப்புறம் தண்டைத் துண்டு போட்டு, நெடுக்காகப் பிளந்து, வெயில் படும்படி மெல்லிசாகப் பரப்புங்கள். குவித்து வைத்தால் உள்ளே ஈரம் காயாது, வண்டு அங்கேயே பெருகும். அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிடுங்கள்.

புழு நிறைய இருந்தால் மருந்தடிப்பதைவிட மெட்டாரைசியம் பூஞ்சையே எனக்குப் பிடிக்கும். மக்கும் குப்பையில் கலந்துவிட்டால் அது புழுவைத் தாக்கிக் கொல்லும். இந்த வண்டைக் கொல்லும் வைரஸ் ஒன்றையும் 1960-களில் மலேசியாவில்தான் கண்டுபிடித்தார்கள்.

பின்சேர்க்கை: பாதி எரிந்த தண்டிலும் புழு இருக்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். இருக்கும். தென்னந்தண்டில் நீர் அதிகம், மேலே கரியானாலும் உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அதையும் பிளந்துதான் ஆகவேண்டும்.

இன்னொருவர் டிங்கி கொசுவை நினைவூட்டினார். தோப்பில் கிடக்கும் சிரட்டைகளை மழைக்கு முன் பொறுக்கிவிடுங்கள், அல்லது கவிழ்த்து வையுங்கள்.