வேதத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு

எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் பலர் என்னிடம் சொல்வது இதுதான்: "அக்கா, தினமும் வேதம் வாசிக்கிறேன். ஆனால் மத்தியானம் யாராவது கேட்டால், காலையில் என்ன வாசித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை." ஜெபத்திலும் இதே குறைதான். நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்கிறோம், பாதியில் மனம் அடுப்படிக்கு ஓடிவிடுகிறது. இரண்டுக்கும் நான் சொல்வது ஒன்றே. ஒரு நோட்டு எடுத்து எழுதுங்கள்.

பிள்ளைகள் பள்ளிக்கு வாங்கும் கோடு போட்ட நோட்டு போதும். தேதி அச்சடித்த டயரியை வாங்காதீர்கள். ஒரு நாள் நான்கு பக்கம் எழுதத் தோன்றும், மறுநாள் நான்கு வரிதான் வரும். விட்டுப்போன நாட்களின் வெற்றுப் பக்கங்களைப் பார்த்தே பலர் நிறுத்திவிடுகிறார்கள். போனிலும் எழுதலாம், ஆனால் போனை எடுத்தால் வாட்ஸ்அப்பும் கூடவே வந்துவிடும். நான் காகிதத்தின் பக்கம்தான்.

தேதி, வேதபகுதி இரண்டையும் மேலே எழுதுங்கள். பகுதி சின்னதாக இருக்கட்டும், பத்து வசனத்தைத் தாண்ட வேண்டாம். அதைக் கையால் அப்படியே பார்த்து எழுதுங்கள். இஸ்ரவேலின் ராஜா சிங்காசனத்தில் உட்காரும்போது நியாயப்பிரமாணத்துக்குத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும், அதை ஜீவனுள்ள நாளெல்லாம் வாசிக்க வேண்டும் என்று உபாகமம் 17-ஆம் அதிகாரம் சொல்கிறது. ராஜாவுக்கே அந்த வேலை இருந்தது என்றால் நமக்கு ஏன் கூடாது? கண் வேகமாக ஓடும் இடத்தில் கை நின்று நிதானித்துப் போகும்.

மாற்கு 10:46-52-ஐ எடுத்துக்கொள்வோம். எரிகோவில் வழியருகே உட்கார்ந்து பிச்சை கேட்ட, கண் தெரியாத பர்திமேயு இயேசுவைக் கூப்பிட்ட கதை. ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரிந்ததுதான். எழுதிப் பாருங்கள். "அவன் பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டினார்கள்" என்று ஒரு வசனம். அடுத்த வசனத்திலேயே, "திடன்கொள், எழுந்திரு, உன்னை அழைக்கிறார்" என்று அந்தக் கூட்டத்திலிருந்தே குரல் மாறி வருகிறது. நடுவில் நடந்தது ஒன்றுதான்: "இயேசு நின்று." அப்புறம் அவன் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு வருகிறான். ஏழையின் வஸ்திரத்தை அடகு வாங்கினால் பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடுத்துவிடு, இரவில் அவனுக்கு அது ஒன்றே போர்வை என்று யாத்திராகமம் 22 சொல்வது எனக்கு அங்கே ஞாபகம் வரும். கண் தெரியாதவன் அதை எறிந்தால் மறுபடி எப்படித் தேடிக் கண்டுபிடிப்பான்? இப்படி மனதில் பட்டதையெல்லாம் வசனத்துக்குக் கீழே எழுதுங்கள். விளங்காததைக் கேள்வியாகவே எழுதி வையுங்கள். விளக்கவுரையைத் திறப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இனி ஜெபம். பர்திமேயு "எனக்கு இரங்கும்" என்றுதான் கூப்பிட்டான். அது போதாதா? ஆனாலும் ஆண்டவர் அவனை நிற்கவைத்து, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். "நான் பார்வையடையவேண்டும்" என்று அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார். அந்தக் கேள்வியை நோட்டில் எழுதி, அடியில் உங்கள் பதிலை எழுதுங்கள். "எங்கள் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று வாயால் எளிதாகச் சொல்லிவிடலாம், எழுதும்போது கை நின்றுவிடும். குடும்பத்தில் யாரை, எந்தக் காரியத்தில்? "ஆண்டவரே, நாத்தனாரோடு பேச்சு நின்றுபோய்விட்டது. அவள் பேசட்டும் என்று இருக்கிறேன். நானே முதலில் போன் செய்ய எனக்கு மனதைத் தாரும்." இது ஜெபம். எழுதி முடித்ததும் அதைச் சத்தமாக ஒருமுறை ஆண்டவரிடம் வாசியுங்கள்.

பக்கத்தின் வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பதில் வரும்போது தேதியோடு எழுத அந்த இடம். நெகேமியாவின் புத்தகத்தில் இது அழகாக இருக்கிறது. எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்து கிடப்பதை அவர் கேட்டு அழுது ஜெபித்தது கிஸ்லேவு மாதம். அவர் வேலை செய்த பெர்சியாவின் அர்தசஷ்டா ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்று கேட்டது நிசான் மாதம். நடுவில் ஏறக்குறைய நான்கு மாதம். இரண்டு மாதத்தையும் அவர் எழுதி வைத்ததால்தான் அந்தக் காத்திருப்பு நமக்குத் தெரிகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1836-இல் அனாதை இல்லம் தொடங்கிய ஜார்ஜ் முல்லரும் ஜெபங்களையும் பதில்களையும் இப்படித்தான் குறித்து வைத்தார். பதில் நீங்கள் கேட்டபடி வராமல் இருக்கலாம். அதையும் உள்ளபடியே எழுதுங்கள். ஓரம் வெறுமையாகவே இருந்தால் இருக்கட்டும், அதை நிரப்பும் அவசரத்தில் எதையாவது பதில் என்று எழுதிவிடாதீர்கள்.

ஒன்றுமே எழுத வராத நாட்களில் சங்கீதம் 13-க்குப் போங்கள். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." அடுத்த இரண்டும் விண்ணப்பம். கடைசி இரண்டில் கிருபையின்மேல் நம்பிக்கையும் பாட்டும். அதே வரிசையில் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள். முறையீட்டை மட்டும் எழுத முடிந்த நாளில் அதோடு மூடிவிடலாம். ஆண்டவரிடம் இப்படிப் பேசக்கூடாது என்று தயங்க வேண்டாம், தாவீது பேசியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி அழுதுகொண்டே சொன்ன காரியத்தை அவர் பெயரோடு நோட்டில் எழுதாதீர்கள். முதல் எழுத்து போதும், ஆண்டவருக்கு ஆள் தெரியும். நோட்டையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டாம். யாராவது படித்துவிடுவார்கள் என்ற பயம் வந்தால் உண்மையை எழுத மாட்டீர்கள்.

மாதம் ஒருமுறை பின்பக்கங்களைப் புரட்டி, ஓரத்தில் எழுதாமல் விட்ட பதில்களை எழுதுங்கள். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குக் கிளம்புமுன் வருஷத்தின் நோட்டை ஒரு மணி நேரம் வாசியுங்கள். ஸ்தோத்திரம் சொல்ல என்னென்ன இருக்கிறது என்று கையில் ஒரு பட்டியலே இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரூத் அல்லது பிலிப்பியரை எடுங்கள், இரண்டும் நான்கு நான்கு அதிகாரம்தான். அது முடிந்ததும் மாற்கு.