ஏற்காட்டிலிருந்து ஜெனீவாவுக்குப் புகார் அனுப்புவது எப்படி?

ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு எழுதிப்போட்டால் யாரும் ஜீப்பில் வந்து இறங்கிவிட மாட்டார்கள். உங்கள் புகாரை வைத்து இந்திய அரசிடம் விளக்கம் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கேள்வி பதிவாகிவிடும்.

ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட். அட்வான்ஸ் வாங்கிய குடும்பத்தை, கடன் தீரும்வரை லைன் வீட்டை (எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பை) விட்டுப் போக விடவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் உள்ளூர். இது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சேலம் கலெக்டரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ (ஆர்.டி.ஓ.) மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை மனு நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்றும் அசையவில்லையா? மாநில அல்லது தேசிய மனித உரிமை ஆணையம், இரண்டில் ஒன்றுக்கு எழுதுங்கள். சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

2. எந்தக் கதவு திறந்திருக்கிறது? குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. ஆனால் தனிநபர் புகாரை அனுமதிக்கும் துணை ஒப்பந்தத்தில் சேரவில்லை. அதனால் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவிடம் நீங்கள் போக முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்புக்கு (ஐ.எல்.ஓ.) தொழிற்சங்கம் வழியாகத்தான் போகலாம். மிச்சமிருப்பது ஐ.நா. மனித உரிமை கவுன்சில் நியமிக்கும் சுயேச்சை நிபுணர்களான சிறப்பு அறிக்கையாளர்கள். நவீன அடிமைமுறைக்கென்றே ஒருவர் இருக்கிறார். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது.

3. எழுதுவது. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். "எஸ்டேட்டில் கொடுமை தாங்க முடியவில்லை" என்று எழுதினால் அதை வைத்து யாரும் எதுவும் கேட்க முடியாது. எந்தத் தேதியில் எவ்வளவு அட்வான்ஸ், வாரக் கூலியில் எவ்வளவு பிடித்தம், ரேஷன் கார்டு யார் கையில் இருக்கிறது, வெளியே போகக் கேட்டபோது மேஸ்திரி என்ன சொன்னார்: இப்படி எழுதுங்கள். கலெக்டர் ஆபீஸ் ரசீதை மறக்காமல் இணையுங்கள். அரசியல்வாதிகளைத் திட்டும் பத்தி இருந்தால் எடுத்துவிடுங்கள்; வசைமொழி இருந்தாலோ, அரசியல் உள்நோக்கம் தெரிந்தாலோ ஏற்க மாட்டார்கள்.

பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கட்டாயம். புகார் அனுப்பியவர் பெயரை ரகசியமாக வைப்பார்கள். பாதிக்கப்பட்டவர் பெயரோ பொதுவாக அரசுக்குப் போகும். வேண்டாமென்றால் படிவத்திலேயே சொல்லிவிட வேண்டும். ராத்திரி லைன் வீட்டிலேயே தூங்கப்போகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. உட்கார்ந்து பேசிவிட்டு அனுப்புங்கள்.

4. அனுப்புவது. ஐ.நா. மனித உரிமை அலுவலக இணையதளத்தில் படிவம் இருக்கிறது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மட்டும்தான். சரி, ஆங்கிலம் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள்.

5. அப்புறம்? எல்லாப் புகாருக்கும் இந்திய அரசுக்குக் கடிதம் போகாது. போனால், பதில் சொல்ல அரசுக்கு வழக்கமாக 60 நாள் அவகாசம். பிறகு பதில் வந்தாலும் வராவிட்டாலும் கடிதத்தை இணையத்தில் வெளியிடுவார்கள். அதைப் பிரிண்ட் எடுத்து, ஆணையத்தில் கிடக்கும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.