போருக்கு முந்திய சொகுசுக் கார்களைப் பார்க்கும் முறை

லொறிக்கு வெறும் சேசியை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, வாங்கிவந்து, பிறகு தமக்கு வேண்டியவாறு பொடி (மேற்கூடு) கட்டுவிக்கும் வழக்கம் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உள்ள மூத்தவர்களுக்குத் தெரிந்ததே. இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் உலகின் மிக உயர்ந்த கார்கள் பலவும் இவ்வாறே விற்கப்பட்டன. ரோல்ஸ் ரோய்ஸ் நிறுவனம் எஞ்சினும் ரேடியேற்றரும் பொருத்திய சேசியை மட்டுமே கொடுத்தது. வாங்கியவர் அதை பார்க்கர், ஹூப்பர் போன்ற பொடி கட்டுநரிடம் ஒப்படைத்தார். எனவே இத்தகைய காரில் இரண்டு பட்டறைகளின் வேலையைப் பார்க்கிறோம். அவை இரண்டும் எவ்வளவு இசைந்திருக்கின்றன என்பதைக் கொண்டே காரை மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெயின்ற்றின் மினுக்கம் கடைசியாகக் கவனிக்க வேண்டியது.

முதலில் பத்தடி விலகிப் பக்கவாட்டில் நில்லுங்கள். ரேடியேற்றரின் உச்சியில் தொடங்கி, பொனற் (எஞ்சின் மூடி) வழியாகக் கதவுகளின் மேல்விளிம்பைத் தொட்டுப் பின்புறம் வரை ஓடும் கோட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். ரேடியேற்றரின் உயரத்தைச் சேசி செய்தவர் தீர்மானித்துவிட்டார். அங்கிருந்து கோட்டை எங்கே தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது என்பது பொடி கட்டியவரின் கையில் இருந்தது. கோடு பொனற் முடியும் இடத்தில் திடீரென உடைந்தால், அந்தப் பொடி அந்தச் சேசிக்காகவே வரையப்பட்டதா என்று ஐயுறலாம்.

அடுத்துக் கதவைத் திறக்க அனுமதி கேளுங்கள். இந்தக் கார்களின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது. வெளியே தெரியும் அலுமினியத் தகட்டின் உள்ளே ஆஷ் மரத்தாலான சட்டகம் இருக்கும். தகட்டை மரச்சுத்தியலால் தட்டியும் இரு உருளைகளுக்கிடையே மீண்டும் மீண்டும் ஓட்டியும் வளைவெடுத்து, அதன் ஓரத்தை மரத்தின்மேல் மடித்துச் சிறு ஆணிகளால் இறுக்கினார்கள். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால், உள்ளிருக்கும் மரம் இன்னும் தளரவில்லை எனலாம். மரமூட்டுகளைப் பற்றிய அறிவுக்கு உங்கள் ஊர் ஓடாவியாரின் பட்டறையே சிறந்த பள்ளிக்கூடம். நிலை, கதவு கோக்கும் அவரிடம் ஒரு மூட்டு எங்கே முதலில் ஆடும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு காரிடம் போங்கள்.

கரடுமுரடான வீதியில் சேசி முறுக்கும்போது மரம் மரத்தோடு உரசிக் கிறீச்சிட்டது. சார்ல்ஸ் வேமன் 1920களில் இதற்குக் கண்ட தீர்வு வியக்கத்தக்கது: மரத்துண்டுகள் ஒன்றையொன்று தொடாதபடி உருக்குத் தட்டுகளால் இணைத்து, தகட்டுக்குப் பதிலாகத் தோல்போன்ற துணியைப் போர்த்தினார். மங்கலான துணிப் பரப்புடைய பழைய காரைக் கண்டால் பெயின்ற் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

பின்னர் சேசியின் பொறியியலுக்கு வாருங்கள். மட்டக்களப்பின் கல்லடியில் லேடி மானிங் பாலம் திறக்கப்பட்ட 1924இல், 1906இல் அறிமுகமான ரோல்ஸ் ரோய்ஸின் சில்வர் கோஸ்ட் கார் இன்னும் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் ஆறு சிலிண்டர்களும் மும்மூன்றாக இரு தொகுதிகளில் வார்க்கப்பட்டவை; பொனற்றைத் திறந்தால் அவற்றுக்கிடையேயான பிளவு தெரியும். 1919இல் வந்த ஹிஸ்பானோ சுயிசா எச்6 கார், வண்டி ஓடும் விசையையே பிரேக்குக்குத் துணையாக்கியது. ரோல்ஸ் ரோய்ஸே உரிமம் பெற்று அம்முறையைப் பயன்படுத்தியது.

ஒரே சேசி பின்னாளில் வேறு பொடியைப் பெற்றிருக்கலாம் என்பதையும் மறவாதீர்கள். மிகச் சிலவே கட்டப்பட்ட புகாட்டி ரோயல் கார்களில் ஒன்று, இரவில் ஓட்ட விரும்பாத ஆடை வணிகர் ஆர்மன் எஸ்டெருக்காக முன்விளக்கே இல்லாமல் கட்டப்பட்டது. பின்னர் அந்தப் பொடி அகற்றப்பட்டு வேறொன்று ஏறியது. எனவே சேசி இலக்கத்தையும், கதவடிப் படியில் பெரும்பாலும் பதிக்கப்பட்டிருக்கும் பொடி கட்டுநரின் சிறு தகட்டையும் தனித்தனியே வாசியுங்கள்.

கடலுக்கும் வாவிக்கும் இடையே வாழும் நாம் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் அலுமினியமும் உருக்கும் தொடும் இடங்களில் அலுமினியம் அரிக்கப்படும். உருக்குத் திருகாணிகளைச் சுற்றி வெண்தூள் படிந்திருக்கிறதா, அங்கே பெயின்ற் கொப்புளித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கதவின் அடிச்சட்டத்தில் நீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால், உள்ளே மரம் உக்கத் தொடங்கியிருக்கக்கூடும் என்று உரிமையாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.