சவ்வில் புரதம் இருந்தாலே ஏடிபி செலவாகுமா?

பிளஸ் ஒன் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் தவறாமல் வந்து நிற்கும் வரி ஒன்று உண்டு: "புரதத்தின் உதவியுடன் நடக்கும் கடத்தலுக்கு ஆற்றல் தேவை." அடிக்கோடும் போட்டிருப்பார்கள். தவறு. கடத்தல் என்பது செல்லைச் சுற்றியுள்ள சவ்வைத் தாண்டிப் பொருள்கள் போய்வருவது; ஏடிபி என்பது செல் ஆற்றலுக்குச் செலவிடும் மூலக்கூறு. சிவப்பணுவின் சவ்வில் உள்ள குளுட்-1 புரதம் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸை உள்ளே விடுவதற்கு ஒரு ஏடிபி மூலக்கூறுகூடச் செலவாவதில்லை. வெளியே செறிவு அதிகம், உள்ளே குறைவு. அந்த வேறுபாடே தள்ளிவிடுகிறது. சவ்வின் கொழுப்புப் படலம் குளுக்கோஸுக்கு எளிதில் இடம்கொடுக்காது என்பதால்தான் புரதம் வேண்டியிருக்கிறது. வழி எது, விசை எது என்று இரண்டு கேள்விகளாகக் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அதே குளுட்-1, பரிசல் போலக் குளுக்கோஸை இக்கரையில் ஏற்றி அக்கரையில் இறக்குவதாக எழுதுவது அடுத்த தவறு. புரதம் சவ்வின் குறுக்கே போய்வருவதில்லை. முதலில் அதன் வெளிப்பக்கம் திறந்திருக்கும். குளுக்கோஸ் வந்து ஒட்டியதும் அந்தப் பக்கம் மூடி உட்பக்கம் திறக்கும். இரண்டு பக்கமும் ஒருசேரத் திறப்பதே இல்லை. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இப்படி உருவம் மாற வேண்டும் என்பதால் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு. செறிவை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு கட்டத்தில் வரைபடக் கோடு படுத்துவிடும். அதை நேர்கோடாகவே நீட்டுபவர்கள், புரதமே இல்லாமல் நடக்கும் எளிய பரவலை வரைந்துவிட்டு வருகிறார்கள். சவ்வில் துளைபோல் அமைந்த கால்வாய்ப் புரதத்தின் கதை வேறு: திறந்துவிட்டால் பொட்டாசியக் கால்வாய் ஒன்றில் வினாடிக்குப் பத்துக் கோடி அயனிகள் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) வரை பாய முடியும்.

அந்தக் கால்வாயைச் சல்லடையாக நினைப்பவர்கள், பொட்டாசியத்தைவிடச் சிறிய சோடியம் இன்னும் சுலபமாக நுழையும் என்கிறார்கள். நடப்பது தலைகீழ். நீரில் அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். கால்வாயின் குறுகலான பகுதியில் அவற்றை உதறிவிட வேண்டும். அந்த இழப்பைச் சுவரில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள் ஈடுகட்டுகின்றன. அவை அமைந்திருக்கும் இடைவெளி பொட்டாசியத்துக்கே பொருந்துகிறது. சோடியம் சிறியது என்பதாலேயே அவற்றோடு சரியாக ஒட்ட முடியாமல் வெளியே நின்றுவிடுகிறது. 1998இல் அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கின்னனின் குழு இதைப் படிக அமைப்பிலேயே காட்டியது. 2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எல்லாவற்றையும்விட அதிகமாகச் சறுக்கும் இடம் சிறுகுடல். அங்கே எஸ்ஜிஎல்டி-1 என்ற புரதம் 2 சோடியம் அயனிகளோடு 1 குளுக்கோஸைச் சேர்த்தே உள்ளே கொண்டுவருகிறது. ஏடிபி இந்தப் புரதத்தைத் தொடுவதில்லை. ஆகவே இது ஆற்றல் செலவில்லாத கடத்தல் என்று எழுதிவிடுகிறார்கள். சோடியம் ஏன் உள்ளே வரத் துடிக்கிறது? செல்லின் மறுபக்கத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்பு ஒவ்வொரு ஏடிபிக்கும் 3 சோடியத்தை வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. பம்பை நிறுத்தினால் சிறிது நேரத்தில் சர்க்கரையின் வரத்தும் நின்றுவிடும். செலவு இருக்கிறது, கணக்கு வேறு இடத்தில் எழுதப்படுகிறது. உள்ளே சேர்ந்த குளுக்கோஸோ குளுட்-2 என்ற வேறொரு புரதத்தின் வழியாக, செறிவு குறைந்த ரத்தத்துக்குச் செலவின்றி இறங்கிவிடுகிறது. ஒரே செல், ஒரே சர்க்கரை, இரண்டு பக்கம் இரண்டு விதம். தேர்வில் கேட்க இதைவிட நல்ல கேள்வி கிடையாது என்பது என் எண்ணம்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரை நீரான ஓஆர்எஸ் கரைசல் வேலை செய்வது இந்தச் சோடியம்-குளுக்கோஸ் கூட்டணியால்தான். காலரா நச்சு குளோரைடுக் கால்வாய்களைத் திறந்துவிட்டு நீரை வெளியே கொட்டச் செய்கிறது. எஸ்ஜிஎல்டி-1ஐ அது முடக்குவதில்லை. உப்பும் சர்க்கரையும் அந்த வழியாகச் சேர்ந்து நுழைய, நீரும் பின்தொடர்கிறது. 1971இல் வங்க அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இதை வைத்துத்தான் ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். இன்றைய உலக சுகாதார நிறுவன அளவில் லிட்டருக்குச் சோடியமும் குளுக்கோஸும் தலா 75 மில்லிமோல். குழந்தை குடிக்கட்டும் என்று கூடுதலாக இரண்டு கரண்டி சர்க்கரை போட்டால், உறிஞ்சப்படாமல் மிஞ்சும் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைத்தாலும் அதே கதிதான். போதாக்குறைக்கு உப்பும் எல்லை மீறும்.