எத்தனை கிராம் மெழுகு உருக்குவது? தண்ணீரே சொல்லிவிடும்

சோயா மெழுகுவர்த்திக்குப் புது ஜாடி வாங்கினால், முதலில் மெழுகை உருக்காதீர்கள். காலி ஜாடியைச் சமையல் தராசில் வைத்து பூஜ்யமாக்கி, மெழுகு எந்த மட்டம் வரை வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி எடை பாருங்கள். அந்த எடையை 0.86ஆல் பெருக்கினால், அந்த ஜாடிக்கு வேண்டிய மொத்த எடை வந்துவிடும்.

உருகிய சோயா மெழுகு தண்ணீரைவிட லேசு. அதனால்தான் 200 மில்லி என்று போட்டிருக்கும் ஜாடிக்கு 200 கிராம் உருக்கினால் உருக்கிய பாத்திரத்தின் அடியில் மிஞ்சுகிறது. உதாரணமாக 200 கிராம் தண்ணீர் பிடித்தால் மொத்தம் 172 கிராம். இதில் வாசனை எண்ணெயும் அடக்கம். மெழுகின் எடையில் 8 சதவீதம் எண்ணெய் என்றால் 172ஐ 1.08ஆல் வகுங்கள்: மெழுகு 159 கிராம், எண்ணெய் 13 கிராம். பலரும் எண்ணெயைத் தனியாக மேலே சேர்த்துவிடுகிறார்கள். விலை அதிகமான பொருளே அதுதான், வீணாவதும் அதுதான். ஆர்டருக்கு ஐம்பது ஜாடி ஊற்றும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஜாடி ஒன்றுக்கு அடக்க விலை போடவும் இதே கணக்கு போதும்.

அளந்த ஜாடியைத் துடைத்து நன்றாகக் காயவிட்டுத்தான் திரியை ஒட்ட வேண்டும். தேங்காய்ச் சிரட்டை, மெருகு பூசாத மண் அகல் ஆகியவற்றுக்கு இந்த முறை வேண்டாம், அவை தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தேன்மெழுகு கலந்தாலும் 0.86 பொருந்தாது, அது சோயாவைவிடக் கனம்.