செவ்வாய்க்கிழமை டீ வண்டி

கணவருக்கு வேலை கிடைத்து இங்கிலாந்துக்கு வந்தோம். நாட்டிங்ஹாம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். முதல் எட்டு மாதத்தில் நான் பேசிய உள்ளூர்க்காரர்கள் மூன்றே பேர்: பஸ் டிரைவர், கடையில் பில் போடும் பையன், தபால்காரர். மூவரிடமும் பேசியது 'தேங்க் யூ' மட்டும். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே குப்பைத்தொட்டியை வெளியே வைக்கும் நாளில்தான் தெரியும். ஒன்பதாவது மாதம் அரசு மருத்துவமனை ஒன்றில் தன்னார்வலராக விண்ணப்பித்தேன். இது ஐந்தாவது வருஷம். புதிதாக வருகிற நம் ஊர்ப் பெண்கள் எப்படிச் சேர்வது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதற்குப் பதில் எழுதிவிடுகிறேன்.

முதலில் விசா. டிபெண்டன்ட் விசாவில் வந்த கணவனோ மனைவியோ பொதுவாக வேலையே செய்யலாம் என்பதால் சிக்கல் இல்லை. பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்குப் பதிவு பெற்ற அறக்கட்டளைகளில் மட்டும், அதுவும் மொத்தம் 30 நாளுக்குள்தான் அனுமதி. மருத்துவமனையில் காகித வேலை முடிவதற்குள் அந்த 30 நாள் ஓடிவிடும். அவர்களுக்கு அறக்கட்டளைகள் நடத்தும் பழைய பொருள் கடைதான் தோது. மாணவர்கள் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேருங்கள். சில வகைத் தன்னார்வப் பணியை அவர்களுடைய வேலை நேர வரம்பிலேயே கணக்கு வைக்கிறார்கள்.

விண்ணப்பம் மருத்துவமனை இணையதளத்திலேயே இருக்கும். 'ஏன் சேர விரும்புகிறீர்கள்' என்ற கேள்விக்கு நான் மானுட சேவை, மகத்தான தொண்டு என்று ஒரு பக்கம் எழுதினேன். நேர்காணலில் ஒருங்கிணைப்பாளர் அதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "எந்தக் கிழமை வர முடியும்? எல்லா வாரமும் வர முடியுமா?" இவ்வளவுதான். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று பிறகு புரிந்தது. நேரம் கிடைக்கும்போது வருகிறேன் என்பவரை இங்கே யாராலும் நம்பிப் பயன்படுத்த முடியாது. ஒரே கிழமை, ஒரே நேரம், முடிந்தால் ஒரே வார்டு என்று பிடித்துக்கொள்ளுங்கள். நான் செவ்வாய் மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை வார்டில் டீ வண்டி தள்ளுகிறேன். மூன்றாவது மாதம் போர்ட்டர் (நோயாளிகளை வண்டியில் தள்ளிப்போகும் ஊழியர்) என்னைப் பார்த்து, "ஓ, இன்றைக்குச் செவ்வாயா!" என்றார். எட்டு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

காகிதங்கள்: குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான டிபிஎஸ் சான்று (தன்னார்வலர்களுக்கு இலவசம், கடந்த ஐந்து வருட முகவரிகளைக் கேட்பார்கள், வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தவர்கள் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்), உறவினர் அல்லாத இருவரின் பரிந்துரை, தடுப்பூசி விவரம். சமீபத்தில் வந்தவர்களிடம் இந்தியாவின் போலீஸ் சான்றும் கேட்கலாம். ஊரிலிருந்து கிளம்பும்போதே வாங்கிவிட்டால் நிம்மதி. எனக்கு எல்லாம் முடியப் பதினொரு வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் என் படிவம் ஏதோ ஒரு மேசையில் தூங்கியது. பொறுமையாக, ஆனால் வாரம் ஒரு மின்னஞ்சல் தட்டிக்கொண்டே இருங்கள்.

அப்புறம் வளையல். முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்பது வார்டு விதி. கைக்கடிகாரம், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாம் கழற்ற வேண்டும். கல் வைக்காத ஒற்றை மோதிரம் மட்டும் போட்டுக்கொள்ளலாம். கல்யாணத்திலிருந்து கழற்றாத வளையலைக் குளியலறையில் சோப்புப் போட்டுக் கழற்றினேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சட்டையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெயர் அட்டை இருக்கும்: 'ஹலோ, மை நேம் இஸ்'. கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர் 2013-இல் தொடங்கிவைத்த வழக்கம் அது. அவரே புற்றுநோயாளியாகப் படுக்கையில் கிடந்தபோது, வந்தவர்களில் பலர் தாங்கள் யார் என்றே சொல்லாமல் வேலையைப் பார்த்ததைக் கண்டு ஆரம்பித்தார். 2016-இல் இறந்துவிட்டார். அதனால் திரையை விலக்கியதும் முதல் வேலை பெயரைச் சொல்வது. என் பெயரை யாராலும் முழுதாகச் சொல்ல முடியவில்லை, பாதியில் வெட்டிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான். என்னோடு வண்டி தள்ளும் அம்மாவுக்கு 76 வயது. வாய் வராமல் 'ஆன்ட்டி' என்றேன். "நான் உனக்கு எப்போது அத்தையானேன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இப்போது பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் 'அந்த அம்மா' என்றே வருகிறது.

பேச்சு வழக்கு தனிப் பாடம். இந்தப் பக்கத்தில் ஆண் பெண் எல்லாரையும் 'மீ டக்' என்பார்கள். முதல் நாள் ஒரு தாத்தா, "டா, டக்" என்றார். என்னையா வாத்து என்கிறார் என்று முகம் சுருங்கிவிட்டது. 'நன்றிம்மா' என்று அர்த்தமாம். 'ஆல்ரைட்?' என்று கேட்டால் உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. 'ஆல்ரைட்' என்றே திருப்பிச் சொல்லிவிட்டு நடக்கலாம். நான் முதுகுவலியைப் பற்றி விவரமாகச் சொன்ன நாளும் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு 'டின்னர்', சாயங்காலச் சாப்பாட்டுக்கு 'டீ'. "டீ ஆயிற்றா?" என்று கேட்ட நர்ஸிடம், "எனக்குக் காபிதான் பழக்கம்" என்று சொல்லியிருக்கிறேன்.

டீ போடுவதில் நம் கைப்பக்குவத்தைக் காட்டாதீர்கள். கொதிக்கும் தண்ணீர், டீப் பை, கொஞ்சம் பால். சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று ஆளுக்கு ஆள் கேட்டு, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் கேட்காமலே இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஆனால் எதைக் கொடுப்பதற்கு முன்னும் படுக்கைக்கு மேலே உள்ள பலகையைப் படியுங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. இரண்டாவது வாரம் ஒரு பாட்டி தண்ணீர் கேட்டார். தண்ணீர்தானே என்று ஊற்றி, உதட்டருகே கொண்டுபோய்விட்டேன். நர்ஸ் ஓடி வந்து கையைப் பிடித்தார். பக்கவாதம் வந்து விழுங்கும் தசை பலவீனமானவர் அவர். வெறும் தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அவர்களுக்குத் தண்ணீரிலும் டீயிலும் ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித் தருகிறார்கள். எவ்வளவு கெட்டி என்பதற்கு எண் உண்டு, பலகையில் 'லெவல் 2' என்று எழுதியிருந்தது. நான் பார்க்கவே இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது புண்ணியம் என்று வளர்ந்த கைக்கு இதைப் பழக்க நாளாயிற்று. அதேபோல, எழுந்திருக்க முயல்கிறவரைத் தூக்கிவிடாதீர்கள். மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிடுங்கள். பல மருத்துவமனைகளில் சிவப்பு ட்ரேயில் சாப்பாடு வந்தால், அவருக்குச் சாப்பிட உதவி வேண்டும் என்று பொருள். பயிற்சி எடுத்த பிறகே ஊட்டலாம்.

நோயாளியிடம் என்ன பேசுவது? நாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய் முதலில் கேட்பது "என்ன செய்கிறது, டாக்டர் என்ன சொன்னார்?" அதைக் கேட்கவே கூடாது. அவராகச் சொன்னால் கேட்டுக்கொண்டு, அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். மழையில் ஆரம்பியுங்கள், அலுக்கவே அலுக்காது. வயதானவர்களிடம் கால்பந்து. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 1979-இலும் 1980-இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றதைச் சொன்னால், பயிற்சியாளர் பிரையன் க்ளஃபைப் பற்றி அரை மணி நேரம் ஓடும். ஒன்றில் மட்டும் நாமாக வாயைக் கொடுக்கக் கூடாது: 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். இந்த மாவட்டத்தில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், மற்றவர்கள் வேலைநிறுத்தத்தில் நின்றார்கள். அண்ணன் தம்பி பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் உண்டு. எதிரெதிர்ப் படுக்கையில் இரண்டு தரப்பும் இருக்கலாம்.

ஒருவர் இரண்டு வாரமாக ஜன்னல் பக்கம் திரும்பியே படுத்திருந்தார் (ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன்). டீயை வைத்துவிட்டு, எங்கள் தாத்தா ஒரு ராலே சைக்கிள் வைத்திருந்தார், ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார் என்று சும்மா சொன்னேன். திரும்பினார். நாட்டிங்ஹாம் ராலே தொழிற்சாலையில் வேலை பார்த்தவராம். 2002-இல் அங்கே உற்பத்தியை நிறுத்தும்வரை இருந்தாராம். என்ன மாடல், எந்த வருஷம், செயின் கவர் எப்படி இருந்தது? ஒன்றும் தெரியவில்லை. இரவு அப்பாவுக்குப் போன் போட்டேன். அடுத்த செவ்வாய் போய், "அது இந்தியாவில், அசன்சோலில் செய்த சென்-ராலே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் அது எங்கள் சைக்கிள் இல்லை" என்று மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது, சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நோயாளிகள் நமக்கு நண்பர்கள் ஆக மாட்டார்கள், ஆகவும் கூடாது. போன் எண் வாங்குவது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எல்லாம் விதிக்குப் புறம்பு. ஊரை எனக்குப் பழக்கியவர்கள் கூட வேலை பார்த்தவர்கள்: போர்ட்டர், துப்புரவு செய்யும் பெண், வண்டி தள்ளும் அம்மா. ஐந்து மணிக்குப் போய்விடாமல் கேன்டீனில் இருபது நிமிஷம் உட்காருங்கள். பழக்கம் வளர்வது அங்கேதான். முறுக்குக் கொண்டுபோனால் வார்டுக்குள் வேண்டாம், ஊழியர் அறையில் வையுங்கள். எள், கடலை இருந்தால் டப்பா மேல் எழுதி ஒட்டுங்கள். ஊருக்கு ஆறு வாரம் போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் நின்றால் இங்கே யாரும் சண்டை போட மாட்டார்கள், பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

முதலில் நாமே வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டாம், பயந்துவிடுவார்கள். அவர்கள் எங்காவது கூப்பிட்டால் மட்டும் தட்டாதீர்கள். என்னை அந்த அம்மா இரண்டாம் வருஷம் கூஸ் ஃபேர் திருவிழாவுக்குக் கூட்டிப்போனார். ராட்டினமும் சத்தமுமாக நம் ஊர்ப் பொருட்காட்சி மாதிரியே இருந்தது. குழைய வேகவைத்த பட்டாணியைச் சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். வினிகரை எடுக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, புதினா சாஸைத் தூக்கிக் கொடுத்தார்.